அத்தைக்குக் கோயில், சின்னவங்களுக்கு பீச்சா?

ரோஸ் ஹில்
ஞாயிறு மதியம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பா சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் தூங்குகிறார். கோயம்புத்தூரிலிருந்து உன் மாமியார் வீட்டாரை மொரீஷியஸுக்குக் கூட்டிவரும்போது பார்க்க என்று நீ போனில் அனுப்பிய பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். 8 நாளில் 21 இடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே யாருக்கு என்று வேறு எழுதியிருக்கிறாய். அத்தைக்குக் கோயில், மாமாவுக்கு மியூசியம், அவருக்கு மலை, சின்னவங்களுக்கு பீச், பையனுக்கு ஆமை. ஆஸ்பத்திரியில் வார்டு பிரித்த மாதிரி இருக்கிறது. போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

கோபப்படாதே. நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் ஸ்கூல், டியூஷன், கோயில், ஞாயிற்றுக்கிழமை ஃபிளிக் அன் ஃபிளாக் பீச்சில் பிரியாணிப் பானையோடு பிக்னிக், இதைத் தாண்டி மொரீஷியஸில் நீ என்ன பார்த்தாய்? கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்து, பாஷை தெரியாமல், மத்தியானப் பொழுது போகாமல், எந்த பஸ் வந்தாலும் ஏறி கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பியவள் நான். இந்தத் தீவை ஊர்க்காரியாகவும் விருந்தாளியாகவும் பார்த்தவள் நம் வீட்டில் நான் ஒருத்திதான்.

முதலில் ஒரு பழைய கதை. உன் பெரியம்மா குடும்பம் வந்தபோது ஒரு வேன் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னப் பிள்ளை. 'தெற்குச் சுற்று, ஒரே நாள், எல்லா இடமும்' என்றார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, முதலில் கப்பல் பொம்மை செய்கிற கடையில் முக்கால் மணி நேரம். டிரைவருக்குக் கமிஷன் என்று பிறகுதான் புரிந்தது. அப்புறம் ஷாமரேல் மலைப்பாதை வளைவுகளில் பாட்டி வாந்தி. ஏழு நிற மண்ணுக்கு எதிரே நின்று பெரியப்பா "இதுக்கா வந்தோம்?" என்றார். கங்கா தலாவ் போய்ச் சேரும்போது சாயங்காலம். மூடுபனி இறங்கிவிட்டது. குளக்கரையில் ஈரப் பாவாடையோடு பாட்டி நடுங்கிக்கொண்டு, "சாமி எந்தப் பக்கம்டி?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பாவத்தை இன்னொரு சம்பந்தி வீட்டுக்குச் செய்யமாட்டேன்.

மே மாதம் வருவது நல்ல யோசனை. புயல் காலம் முடிந்திருக்கும், குளிர் இன்னும் தொடங்கியிருக்காது, கடலும் வெதுவெதுப்பு விட்டிருக்காது. கரும்பு வெட்டு ஜூனில்தான் ஆரம்பம். அதனால் ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு நிற்கும். பூ வேறு விட ஆரம்பித்திருக்கும். வெள்ளிக்கும் ஊதாவுக்கும் நடுவில் ஒரு நிறம், காற்றடித்தால் மொத்த வயலும் ஒரே பக்கம் சாயும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரும்பையே பார்த்து வளர்ந்த நான் முதல் வருஷம் அதைப் பார்த்து பஸ்ஸிலேயே அழுதேன். யாரிடமும் சொன்னதில்லை. ஒரு விஷயம்: மே மாதத்தில் இங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. கடைகளும் அதே நேரத்துக்குச் சாத்திவிடுவார்கள். கோயம்புத்தூர் மாதிரி ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பி ஊர் சுற்றலாம் என்று உன் கொழுந்தன் நினைத்துக்கொண்டிருந்தால் இப்போதே சொல்லிவை.

விமானம் இறங்குவது தென்கிழக்கு மூலையில். நீங்கள் ஓட்டல் பார்த்திருக்கும் கிராண்ட் பே வடக்குக் கோடி. ராத்திரிப் பயணம் செய்து வந்த குழந்தையையும் பெரியவர்களையும் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுக்க வேண்டுமா? முதல் மூன்று நாள் அந்த மூலையிலேயே, மாயேபூர் பக்கம் தங்குங்கள். அங்கேயே எல்லாருக்கும் வேலை இருக்கிறது.

மாமாவுக்குச் சரித்திரம் பிடிக்கும் என்றாயே. மாயேபூருக்கு எதிரே தெரிகிற கடலில்தான் 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளைக்கார இங்கிலீஷ் கப்பல்களைத் தோற்கடித்தார்கள். அந்த வெற்றியின் பெயரை பாரீஸில் நெப்போலியன் கட்டச் சொன்ன வெற்றி வளைவில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே வருஷக் கடைசியில் இங்கிலீஷ்காரன் திரும்பி வந்து மொத்தத் தீவையும் பிடித்துக்கொண்டது வேறு கதை. அவரைக் கடற்கரைச் சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டால் போதும், பக்கத்தில் தூண்டில் போடுகிற கிழவர் எவராவது மீதியைச் சொல்வார். திங்கட்கிழமையானால் சந்தை. மரவள்ளிக் கிழங்கில் பிஸ்கட் செய்கிற ஒரு பழைய தொழிற்சாலையும் அங்கேதான், 1870லிருந்து நடக்கிறது. கல்லடுப்பு, சின்னச் சின்ன அச்சு, கரும்புச் சோகை எரிகிற வாசனை. டீயோடு கொடுப்பார்கள்.

பேரனுக்கு ஆமை என்று போட்டிருக்கிறாய், சரி. ஆனால் கூண்டில் ஆமை பார்க்கவா இவ்வளவு தூரம்? கரையிலிருந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஈல் ஓ ஸெக்ரெத் என்று 26 ஹெக்டேரில் ஒரு குட்டித் தீவு. படகில் கூட்டிப் போவார்கள். வெள்ளைக்காரன் வெட்டித் தீர்ப்பதற்கு முன்னால் இந்தக் கடற்கரைக் காடு எப்படி இருந்ததோ, அப்படித் திரும்ப வளர்க்கிறார்கள். கருங்காலி மரத்தடியில் ராட்சத ஆமை தானாக நடந்து வந்து பாதையை மறிக்கும். நாம்தான் ஒதுங்க வேண்டும். இளஞ்சிவப்புப் புறாவும் அங்கே உண்டு. அதற்கு முன் அவனை போர்ட் லூயிஸ் மியூசியத்துக்குக் கூட்டிப்போய் அழிந்தே போன டோடோ பறவையின் எலும்பைக் காட்டினால், ஆமை நகர்வதன் அருமை அவனுக்குத் தெரியும். டோடோ எலும்புகள் முதலில் மொத்தமாகக் கிடைத்ததே 1865ல், இதே ஏர்போர்ட் பக்கத்துச் சதுப்பில்தான்.

மாப்பிள்ளைக்கு மலை. அவர் லெ மோர்ன் என்று எழுதியிருக்கிறார். 556 மீட்டர்தான், உயரத்தை வைத்து ஏமாறக்கூடாது. கடைசிப் பகுதி கை வைத்துத் தொற்றி ஏறுவது. அடிமைகள் தப்பி ஓடி ஒளிந்த மலை அது. 1835ல் விடுதலை ஆகிவிட்டது என்று சொல்ல வந்த சிப்பாய்களைப் பார்த்து, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து மேலிருந்து குதித்துவிட்டார்கள் என்று இங்கே சொல்வார்கள். அங்கே போகிறவர் செல்ஃபிக்கு முன் ஒரு நிமிஷம் நிற்கட்டும். என்னைக் கேட்டால் முதலில் லெ பூஸ் ஏறச் சொல்வேன். கட்டைவிரல் மாதிரி நிற்குமே, போர்ட் லூயிஸுக்குப் பின்னால், அதுதான். 1836ல் டார்வின் கப்பல் இங்கே வந்தபோது அவரும் ஏறியிருக்கிறார். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். மழைக்கு மறுநாள் மட்டும் வேண்டாம், சிவப்பு மண் சோப்பு மாதிரி வழுக்கும். ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டுமென்றால் பிளாக் ரிவர் காடு இருக்கிறது. மே மாதம் காட்டில் சின்னச் சிவப்புக் கொய்யா பழுக்கும், உப்பும் மிளகாய்த் தூளும் ஒரு பொட்டலம் கட்டித் தருகிறேன்.

உன் கொழுந்தனுக்கும் புதுப் பெண்ணுக்கும் நான் எதுவும் சொல்வதாக இல்லை. எங்கே விட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். ஈல் ஓ செர்ஃப் தீவுக்குப் போகிறார்கள் என்றால் முதல் படகில் போகட்டும், பத்து மணிக்கு மேல் திருவிழாக் கூட்டம். கிரி கிரியில் மட்டும் கடலில் இறங்கவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். தீவைச் சுற்றி பெரும்பாலான இடங்களில் பவளப்பாறை அலையை வெளியிலேயே நிறுத்திவிடும். அந்தத் தெற்குக் கரையில் பாறை இல்லை, கடல் நேராக மலையில் வந்து மோதும். பார்ப்பதற்குத்தான் அது.

இப்போது அத்தை விஷயம். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நீ அவருக்கு ஆறு கோயில் போட்டிருக்கிறாய். போன வெள்ளிக்கிழமை சம்பந்தி அம்மா எனக்கு போன் பண்ணினார், உனக்குத் தெரியாது. பத்தியம், மாத்திரை, வெங்காயம் பூண்டு என்று என்னென்னவோ பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க சம்பந்தி, கடல் தண்ணி நிஜமாவே அப்படிக் கண்ணாடியாட்டம் இருக்குமா? அலையில்லாம இருக்குமாமே? நான் இறங்கி நிக்கலாமா?" என்று கேட்டார். 64 வயதில் இராமேஸ்வரத்தையும் திருச்செந்தூரையும் தவிர வேறு கடல் பார்த்ததில்லையாம். அங்கேயும் முழுக்குப் போட்டுவிட்டு ஓடிவந்ததுதானாம். "பசங்ககிட்ட சொல்லாதீங்க, சிரிப்பாங்க" என்றார். சொல்லக்கூடாது என்றதை எழுதிவிட்டேன். நீயும் சொல்லாதே.

கோயில் அவருக்குக் கோயம்புத்தூரில் இல்லையா? மருதமலையையும் பேரூரையும் விட்டுவிட்டு வருகிறவருக்கு இங்கே இரண்டு போதும். நம் வீட்டுப் பக்கத்தில் கோர் த கார்த் மலையடிவாரத்து முருகன். அங்கே படியேறி நின்றால் கீழே ஊர் முழுக்கத் தெரியும். தைப்பூசக் காவடிக்கு அரசாங்கமே லீவு விடுகிற நாடு இது என்று சொன்னால் சந்தோஷப்படுவார். அப்புறம் கங்கா தலாவ், ஆனால் காலை ஒன்பது மணிக்குள். எரிமலை வாயில் தேங்கிய குளம். கரையில் 33 மீட்டர் சிவன். 1972ல் கங்கை நீரைக் கொண்டுவந்து கலந்தார்கள். ஸ்வெட்டர் கட்டாயம், மேட்டு நிலத்தில் சாரல் எப்போது வரும் என்று சொல்லமுடியாது.

மீதி நேரம் அவருக்குக் கடல். ப்ளூ பேயில் அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது. நனையாமல் உட்கார்ந்தபடியே பவளத்தையும் மீனையும் பார்க்கலாம். அது முதல் நாள். இரண்டாம் நாள், நீங்கள் எல்லாரும் அந்தக் குட்டித் தீவுக்குப் போகும்போது, நானும் அவரும் மட்டும் வரமாட்டோம். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து அவரைக் கூட்டிப் போகிறேன். முழங்கால் ஆழம், மணல் தெரியும், புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அரை மணி நேரம் நிற்கட்டும். நானும் முதல் தடவை அப்படித்தான் நின்றேன், உங்கள் பாட்டி கரையில் குடை பிடித்துக்கொண்டு காவல். காலடியில் ஒரு சின்ன மீன் கூட்டம் வந்து என் கொலுசைக் கொத்தியது. அவர் கொலுசு போடுகிறாரா?

சாப்பாட்டுக்குக் கவலைப்படவேண்டாம் என்று சொல். தெருவில் தால் பூரி சாப்பிடலாம், நடுவில் வைப்பது அவரைக்காய்க் கொட்டைக் குழம்பும் தக்காளித் தொக்கும்தான். காத்தோ பிமா என்று விற்பது வேறு ஒன்றுமில்லை, நம் பருப்பு வடை. சந்தையில் காய்க்காரியிடம் அவரை விட்டுவிட்டு நீ சும்மா நின்று பார். பீர்க்கங்காயைப் 'பிப்பாங்காய்' என்பாள், முருங்கைக் கீரையை 'ப்ரெத் முரும்' என்பாள். ரசம் 'ரசோன்' ஆகியிருக்கிறது. தமிழ் மறந்த வீடுகளிலும் காய்கறி மறக்கவில்லை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதை முதலில் நீ காட்டாதே, அவரே கண்டுபிடிக்கட்டும்.

எல்லாரும் சேர்ந்து போகவேண்டிய இடம் ஒன்றுதான், அது உன் பட்டியலில் இல்லை. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட். 1834 நவம்பர் 2ஆம் தேதி முதல் கூலிக் கப்பல் வந்ததிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இந்தக் கரையில் இறங்கியிருக்கிறார்கள். 16 கல் படிகள். பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது, பக்கத்தில் பெரிய ரோடு இரைந்துகொண்டிருக்கும். உன் அப்பாவின் பாட்டனாரின் அப்பா ஏறி வந்த படி அது. அவருடைய பதிவு எண்ணை மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலைய ஆவணத்தில் அப்பா தேடி எடுத்தார். பர்ஸில் இன்னும் மடித்து வைத்திருக்கிறார், ஆனால் நீ கேட்டதே இல்லை. மாமாவிடம் அப்பாவே சொல்லட்டும். கூலிகளுக்கு நூறு வருஷம் முன்பே, பிரெஞ்சுக்காரன் காலத்தில், புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனாரும் தச்சரும் அந்தத் துறைமுகத்தைக் கட்டின கதையும் அவரிடம் இருக்கிறது. இரண்டு பெரிசுகளுக்கும் அன்றைக்குப் பொழுது போய்விடும்.

ஷாமரேல், சஃபாரி, ஷாப்பிங் மால் எல்லாம் உங்கள் இஷ்டம். பட்டியலில் பாதியை அடித்துவிட்டு அனுப்பியிருக்கிறேன், படம் பார். கறிவேப்பிலை, மாம்பழம், விதை எதுவும் பையில் வைக்காதே, ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். டிகிரி காப்பித்தூள் மட்டும் ஒரு கிலோ, பாக்கெட் பிரிக்காததாக.

தண்ணீருக்குள் முள்ளம்பன்றி மாதிரி முள் வைத்த சின்ன உயிர் நிறைய உண்டு, வெறுங்காலோடு இறங்கக்கூடாது. இங்கே கடலுக்கென்றே ரப்பர் செருப்பு விற்கிறது. நான் வாங்கி வைத்துவிடுகிறேன். சந்தேகம் வராதபடி, அத்தையின் கால் அளவை மட்டும் பார்த்து இன்றைக்கே எழுது.

அம்மா