ஆங்கில உரையாடல் கையேடுகளை எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். ‘சாப்பிட்டீங்களா?’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்ற ஒன்றைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். என் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், உங்கள் கையேடுகளில் படித்த ‘ஹேவ் யூ டேக்கன் யுவர் ஃபுட்?’ என்ற வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். அதில் இலக்கணப் பிழை இல்லை; ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இன்று அப்படிக் கேட்பதில்லை. மாத்திரைக்கு ‘டேக்’ பொருந்தும். சாப்பாட்டுக்கு ‘ஈட்’ அல்லது ‘ஹேவ்’ போதும். வேளையின் பெயரைச் சேர்த்தால் ‘ஹேவ் யூ ஹேட் லஞ்ச்?’ என்பதே இயல்பு. இதைக் கரும்பலகையில் எழுதியபோது, “ஹேவ் ரெண்டு தடவை வருதே சார், தப்பா எழுதிட்டீங்களா?” என்று ஒரு மாணவர் கேட்டார். முதலாவது துணைவினை, இரண்டாவதுதான் உண்பதைக் குறிக்கும் வினை என்று ஒரு வரி உங்கள் நூலில் இருந்திருந்தால் அவருக்கு அந்த ஐயமே வந்திராது.

காலம்தான் இதைவிடப் பெரிய சிக்கல். ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்பதற்கு நேராக ‘நான் சாப்பிட்டிருக்கிறேன்’ என்று அச்சிடுகிறீர்கள். மதுரையில் ஜிகர்தண்டா சாப்பிட்டிருக்கிறேன் என்று அனுபவத்தைச் சொல்லும்போது அது சரி. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு, சாப்பிட்டாயா என்று அம்மா தொலைபேசியில் கேட்டால், எந்தப் பிள்ளையும் ‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்று பதில் சொல்வதில்லை. ‘சாப்பிட்டாச்சு’ என்றே சொல்கிறது. செயல் முடிந்து அதன் பயன் இப்போதும் நிற்கிறது என்று காட்டும் அந்த ‘ஆச்சு’தான் ‘ஹேவ் ஈட்டன்’ என்பதற்கு மிக நெருங்கிய தமிழ். பேச்சு வழக்கு என்பதற்காக அதை ஒதுக்கிவிட்டு, பேச்சு ஆங்கிலத்தைக் கற்பிக்க முயல்வது எனக்கு விந்தையாகவே படுகிறது.

‘டிட் யூ ஈட்?’ என்பதைத் தவறு என்று அடிப்பதையும் விட்டுவிடுங்கள். பிரிட்டனில் ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்று கேட்கும் இடத்தில், அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று சாதாரணமாகக் கேட்பார்கள். நேற்றிரவு என்று காலத்தைக் குறித்துவிட்டால் மட்டும் இரு நாட்டிலும் ‘டிட்’தான். மாலை நான்கு மணிக்குக் காலை உணவைப் பற்றி விசாரித்தாலும் அதுவே இயல்பு, ஏனெனில் அந்த வேளை கடந்துவிட்டது. ‘ஆர் யூ ஹேவிங் லஞ்ச்?’ என்றால் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்று பொருள். அதே வடிவம் உணவகத்தில் ‘வாட் ஆர் யூ ஹேவிங்?’ என்று வந்தால், என்ன சாப்பிடப்போகிறீர்கள் என்பதாகிவிடும்.

நமக்கு இந்தக் கேள்வி நலம் விசாரிப்பு. என் மாணவர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்த மேலாளரிடம் நண்பகலில், வினையும் காலமும் பிசகாமல், ‘ஹேவ் யூ ஹேட் லஞ்ச்?’ என்று கேட்டிருக்கிறார். அவரோ, “இல்லை, எங்கே போகலாம்?” என்று எழுந்துவிட்டாராம்; என் மாணவரின் டிபன் டப்பா அதற்கு முன்பே காலி. அடுத்த பதிப்பில் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த அழைப்புப் பொருளையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆங்கில ஆசிரியர் ஒருவர்