ராத்திரி ஒன்பதரை மணிக்கு வரும் வீட்டுப்பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் செல்போனில் மூழ்கிக் கிடப்பதைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெற்றோரின் கண்டிப்பு போதவில்லை என்று முடித்திருந்தீர்கள். எங்கள் வீட்டில் கண்டிப்புக்குக் குறைவே இருந்ததில்லை. நான் கவனிக்காமல் விட்டது வேறு, என் பையன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பது.

நாங்கள் சிவதாபுரத்தில் கொலுசு வேலை செய்கிறவர்கள். பட்டறையிலிருந்து வாங்கி வந்து நானும் என் நாத்தனாரும் ராத்திரி பதினொன்று வரை முன்னறையில் உட்கார்ந்து சலங்கை கோர்ப்போம். பையன் ஒன்பதாவது படிக்கிறான், உள்ளே உட்கார்ந்து எழுதுகிறான் என்றே நினைத்திருந்தேன். போன ஜூனிலிருந்து தினமும் தலைவலி என்றான், காலையில் எழுப்பினால் எரிந்து விழுந்தான், பாதிச் சோற்றில் எழுந்து போனான், வகுப்பில் தூங்குகிறான் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். கண்ணாடி போட வேண்டுமோ என்று ஐந்து ரோட்டில் கண் பரிசோதனை, அப்புறம் ரத்தப் பரிசோதனை, கோட்டை மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதலும் வைத்தேன். பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை.

கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மாதான், "எத்தனை மணிக்குப்பா தூங்குற?" என்று அவனையே கேட்டார். பத்து மணிக்கு என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவன் தரையைப் பார்த்தபடி "ரெண்டாயிரும்" என்றான். போர்வைக்குள் போனை வைத்து கேம், அது முடிந்தால் ரீல்ஸ். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பதிமூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும், இவனுக்குக் கிடைத்தது நாலரை என்றார் டாக்டர். உறக்கத்துக்கு உடம்பை ஆயத்தப்படுத்துவது மெலடோனின் என்ற சுரப்பு, ராத்திரியில் கண்ணில் படும் வெளிச்சம் அதைத் தள்ளிப்போடும், ஆட்டத்தின் பரபரப்பு மிச்சத்தைக் கெடுக்கும் என்று பொறுமையாக விளக்கினார். "இது அடிக்ஷனா?" என்று பயந்து கேட்டேன். கேம் விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவதை உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே பெரிதாகி, கேடு தெரிந்தும் விட முடியாமல், பொதுவாக 12 மாதமாவது அப்படி இருந்தால்தான் அந்தப் பெயர், அவசரப்பட்டுப் பிள்ளைக்கு முத்திரை குத்தாதீர்கள் என்றார். அந்த வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது.

இப்போது ஒன்பது மணிக்கு வீட்டிலிருக்கும் எல்லாப் போனும், என்னுடையதும் சேர்த்து, அடுப்படி அலமாரிக்குப் போய்விடும். முதல் நாலு நாள் தட்டை வீசினான், பேசவே இல்லை. மூன்றாவது வாரத்தில் தலைவலி என்ற பேச்சே நின்றுவிட்டது. சனிக்கிழமை மட்டும் இன்னும் நழுவுகிறான்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டு என்று நம் மாநிலம் விதி போட்டது, 2025-ல் மத்திய அரசு அவற்றை மொத்தமாகவே தடை செய்தது. ராத்திரியில் என்ன நடக்கிறது என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் என் பையன் ஆடியதோ காசு கேட்காத ஆட்டம், அதற்கு எந்தப் பூட்டும் இல்லை. அந்தப் பூட்டை வீட்டில்தான் போட வேண்டியிருக்கிறது. போடவும் தயாராக இருக்கிறோம், பள்ளிக்கூடம்தான் விடமாட்டேன் என்கிறது. வீட்டுப்பாடம் ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டோவாக வருகிறது! "ஹோம்வொர்க் பாக்கணும்மா" என்று அவன் கேட்டால் போனைக் கொடுக்காமல் எப்படி இருப்பேன்? கொடுத்தால் திரும்பி வாங்க அரை மணி நேரம் சண்டை.

ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளாமல் அவர்களை ஓடி விளையாடவும் விடுங்கள்.

என்னைப் போல் தவிக்கும் அம்மாக்களுக்கு ஒன்று: 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் காசில்லாமல் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். இதை மட்டுமாவது தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

நேற்றும் வீட்டுப்பாடம் ஒன்பதரைக்குத்தான் வந்தது. நானே பார்த்து நோட்டில் எழுதிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவனின் அம்மா,
சிவதாபுரம், சேலம்.