துப்பாக்கியைப் பார்சலில் அனுப்ப நினைக்கும் அமெரிக்கத் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

வேலை மாறி வேறு மாநிலம் போகிறவர்கள், பழைய ரைஃபிளை விற்க நினைப்பவர்கள், பழுது பார்க்கக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதைப் பார்சலில் அனுப்பலாமா?" நம் வட்டத்தில் இதற்கு இரண்டு பதில்கள் சுற்றுகின்றன. "அதெல்லாம் குற்றம், நினைக்கவே நினைக்காதே" என்பது ஒன்று. "டூல்ஸ் என்று எழுதி அனுப்பிவிடு, யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்" என்பது இன்னொன்று. முதல் பதில் வெறும் தவறு, அதனால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டாவது பதிலைச் சொல்பவர்களுக்காகத்தான் இந்த மடல்.

நாம் விட்டு வந்த இந்தியாவில் துப்பாக்கி என்றாலே உரிமம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி ஆளைப் பார்த்து, விசாரித்து, அவர் பெயரில் லைசென்ஸ் கொடுப்பார்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். இங்கே வந்து பார்த்தால், மத்திய சட்டத்தில் சாதாரண ரைஃபிளோ கைத்துப்பாக்கியோ வைத்திருப்பவருக்கு உரிமம் என்று ஒன்றே இல்லை. இல்லினாய் போன்ற சில மாநிலங்கள்தான் அட்டை கேட்கின்றன. உடனே நமக்கு, இங்கே கேட்பார் யாருமில்லை என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் இந்த நாட்டுச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பவரை விட, அது கைமாறும் இடத்தைத்தான் உற்றுப் பார்க்கிறது. பார்சல் அனுப்புவது பெரும்பாலும் கைமாற்றுவதுதான்.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் விதிகள் தானாகப் புரியும். 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட் என்பவர் ஒரு பொய்ப் பெயரில், சிகாகோ கடை ஒன்றுக்கு 21 டாலர் 45 சென்ட் மணியார்டர் அனுப்பி ஒரு ரைஃபிளை வரவழைத்தார். அது டல்லஸ் தபால் பெட்டி ஒன்றுக்கு அஞ்சலிலேயே வந்து சேர்ந்தது. அதே பொய்ப் பெயரில் லாஸ் ஏஞ்சலிஸ் கடையிலிருந்து ஒரு ரிவால்வரும் வந்தது. ஆனால் அது அஞ்சலில் வரவில்லை. ரயில்வே எக்ஸ்பிரஸ் என்ற தனியார் பார்சல் சேவையில் வந்தது. மறைத்து வைக்கக்கூடிய துப்பாக்கிகளைத் தனியாட்கள் அஞ்சலில் அனுப்பக் கூடாது என்று 1927லேயே சட்டம் போட்டிருந்தார்கள். அஞ்சலை மூடினால் தனியார் வழி திறந்தே கிடந்தது! அந்த ரைஃபிளால் அதிபர் கென்னடி கொல்லப்பட்டார். ஐந்து வருடம் கழித்து, மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட அதே 1968இல், அக்டோபர் 22 அன்று, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தின் மையம் இதுதான். உரிமம் இல்லாத ஒருவர், வேறு மாநிலத்தில் வசிக்கும் உரிமம் இல்லாத இன்னொருவருக்குத் துப்பாக்கியை விற்கவோ கொடுக்கவோ அனுப்பவோ கூடாது. எத்தனை வருட நட்பாக இருந்தாலும் சரி, காசு வாங்காமல் பரிசாகக் கொடுத்தாலும் சரி. நடுவில் மத்திய உரிமம் பெற்ற ஒரு விற்பனையாளர், அதாவது எல்லோரும் எஃப்எஃப்எல் என்று சொல்பவர், இருந்தே ஆக வேண்டும். நீங்கள் நண்பரின் ஊரிலுள்ள எஃப்எஃப்எல்லுக்கு அனுப்பலாம். அது சட்டப்படி சரி. நண்பர் அங்கே போய் 4473 என்ற படிவத்தை நிரப்புவார், பின்னணிச் சரிபார்ப்பு முடியும், துப்பாக்கி அவர் கைக்குப் போகும். உயில் மூலமோ வாரிசுரிமையிலோ வரும் துப்பாக்கிக்கு மாநில எல்லை தாண்டுவதில் விலக்கு உண்டு.

"டூல்ஸ்" யோசனைக்கு வருகிறேன். உரிமம் இல்லாதவருக்கு வேறு மாநிலத்துக்குத் துப்பாக்கி போகிறதென்றால், பார்சல் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பதே சட்டம். ஆக, டூல்ஸ் என்று எழுதி நண்பர் வீட்டுக்கு அனுப்புகிறவர் ஒரே பெட்டியில் இரண்டு குற்றங்களைக் கட்டுகிறார். பெட்டி வழியில் காணாமல் போனாலோ, இழப்பீடு கேட்கக்கூட வாயிருக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று பெட்டியின் வெளியே எழுதச் சொல்லும் உரிமை பார்சல் நிறுவனத்துக்கே கிடையாது; திருட்டுக்கு அழைப்பிதழ் வைப்பதுபோல் ஆகிவிடும் என்பதால் சட்டமே அதைத் தடுத்திருக்கிறது. வெளியே எதுவும் எழுதாமல் இருப்பது விதி. நிறுவனத்திடம் மறைப்பதும் வெளியே பொய் எழுதுவதும் வேறு கதை.

சரி, எதில் அனுப்புவது? ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளமான துப்பாக்கிகளைத் தனிநபர் அமெரிக்க அஞ்சலில் அனுப்பலாம்; வேறு மாநில எஃப்எஃப்எல்லுக்கு அனுப்பத் தடையில்லை. இது பல அஞ்சலகக் கவுன்டர்களில் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை. மறுத்தால் சண்டை போடாதீர்கள். அஞ்சல் துறையின் 52ஆம் எண் வெளியீட்டில் 432ஆம் பிரிவைக் காட்டுங்கள். அந்தப் பிரிவை அனுப்பும் நாளன்று நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, பெட்டியிலும் கூடாது. தோட்டாவை அஞ்சலில் அனுப்பவே முடியாது. பெறுபவர் கையெழுத்திடும்படி அனுப்புங்கள், சீரியல் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்துப்பாக்கிதான் தலைவலி. அஞ்சலை மூடிய அந்த 1927 சட்டம் ஒரு பக்கம். யுபிஎஸ், ஃபெடெக்ஸ் என்ற தனியார் பார்சல் நிறுவனங்கள் இரண்டுமோ, தங்களோடு தனியாக ஒப்பந்தம் போட்ட உரிமதாரர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கிப் பார்சலை ஏற்போம் என்று விதி வைத்துவிட்டன. இது சட்டம் கேட்பதை விடக் கடுமையான கட்டுப்பாடு. நேர்மையாகச் சொல்கிற ஆளைத் திருப்பி அனுப்பி, பொய் சொல்கிற ஆளிடம் பெட்டியை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது என்பது என் கருத்து. இருந்தாலும் அது அவர்கள் கடை, அவர்கள் விதி. நடைமுறையில் மிஞ்சும் வழி, உங்கள் ஊர் எஃப்எஃப்எல்லிடம் கொடுத்து, அவர் மூலம் அந்த ஊர் எஃப்எஃப்எல்லுக்கு அனுப்புவது. செலவு கூடும். கூடட்டும்.

எந்த எஃப்எஃப்எல்லுக்கு அனுப்பினாலும் முதலில் போனில் பேசுங்கள். தனிநபரிடமிருந்து பெறச் சட்டம் அனுமதித்தாலும், கடைக்குக் கடை பழக்கம் வேறு. சிலர் இன்னொரு எஃப்எஃப்எல் அனுப்பினால்தான் வாங்குவார்கள். அவருடைய உரிம நகலைக் கேட்டு வாங்கி, துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் நடத்தும் ஈஸி செக் இணையப் பக்கத்தில் எண்ணைச் சரிபாருங்கள். உங்கள் ஓட்டுநர் உரிம நகலைப் பெட்டிக்குள் வையுங்கள், யாரிடமிருந்து வந்தது என்று அவர் பதிவேட்டில் எழுத வேண்டும். பழுதுக்கு அனுப்பும்போது மட்டும் கொஞ்சம் நிம்மதி: சரி செய்த துப்பாக்கியை அவர்கள் நேராக உங்களுக்கே திருப்பி அனுப்பலாம்.

வீடு மாறுகிறவர்களுக்கு என் யோசனை, அனுப்பவே வேண்டாம் என்பதுதான். தோட்டாவை எடுத்துவிட்டுக் காரின் டிக்கியில் பூட்டி எடுத்துப் போங்கள். கிளம்பும் மாநிலத்திலும் சேரும் மாநிலத்திலும் உங்களுக்கு அது சட்டப்படி செல்லும் என்றால், வழியில் வரும் மாநிலங்களைக் கடக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. விமானத்தில் என்றால் பூட்டிய கெட்டியான பெட்டியில், கவுன்டரில் சொல்லிவிட்டு, செக்-இன் சாமானாக. பார்சல்தான் வேண்டும் என்றால் உங்களுக்கு நீங்களே, இன்னொருவர் பொறுப்பில் என்று முகவரி எழுதி அனுப்பிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் போய்ச் சேரும் வரை அந்த இன்னொருவர் பெட்டியைப் பிரிக்கக் கூடாது. சேருமிடம் கலிபோர்னியா என்றால், குடியேறிய 60 நாளுக்குள் துப்பாக்கியை மாநிலத்துக்கு அறிவிக்க வேண்டும். 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின்களை அங்கே கொண்டுபோகவே கூடாது.

இனி வருவது, நம்மவர்கள் பேசத் தயங்கும் விஷயம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியை வைத்திருக்கவோ பெறவோ அனுப்பவோ மத்திய சட்டம் தடை விதிக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நம் நண்பர் குழுவில் இரண்டு வகையினரும் கலந்துதான் இருக்கிறோம். "நான் ஊருக்குப் போய் வரும்வரை உன் வீட்டில் இருக்கட்டும்" என்று கொடுப்பது, பார்சல் பெட்டியைத் தன் வீட்டு முகவரியில் வாங்கி வைக்கச் சொல்வது எல்லாம் விசாவில் இருக்கும் நண்பரைச் சிறைக்குத் தள்ளும் உதவிகள். 2022 முதல் இதற்கு அதிகபட்சம் 15 ஆண்டு. கொடுத்தவருக்கும் தெரிந்தே கொடுத்த குற்றம் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் நிம்மதியாக உட்கார வேண்டாம்: துப்பாக்கிச் சட்ட மீறலில் தண்டனை பெற்றால், குடியுரிமை வாங்காதவரை நாடு கடத்தவே அது காரணமாகும். "டூல்ஸ்" என்று எழுதச் சொல்கிறவர் பெரும்பாலும் இங்கே பிறந்த ஆளாக இருப்பார். அவருக்கு அபராதமோ சிறையோதான். நமக்கு அதோடு வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் சேர்ந்து போகும்.

இந்தியாவுக்கு அனுப்பும் பேச்சை எடுக்கவே வேண்டாம். துப்பாக்கிக்கு இங்கே ஏற்றுமதி உரிமமும் அங்கே இறக்குமதி உரிமமும் வேண்டும். மாமாவின் ஏர்கன்னுக்கு மாட்ட ஒரு ரைஃபிள் ஸ்கோப் மட்டும் சூட்கேஸில் போடலாமே என்று நினைப்பவர்கள், ரைஃபிள் ஸ்கோப்புகளும் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு, டிக்கெட் போடுமுன் வணிகத் துறையின் விதியைப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வரும் ஒருவன்