நமது வானொலி நேயர் சங்கத்தின் 2023–24ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் நாளை வாட்ஸ்அப் குழுவில் விளக்கம் கேட்கப்போகும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான சங்க நடவடிக்கைகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பதிவேட்டின்படி உறுப்பினர்கள் 62 பேர். இதில் மூவர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் மகன் வீட்டோடு பெங்களூருக்குப் போய்விட்டார். செயற்குழு ஆறு முறை கூடியது. நான்கு முறை குறைந்தபட்ச எண்ணிக்கைக்காகக் காத்திருந்து கூடியது.

ஜூன் 24 அன்று கவியரசர் கண்ணதாசன், மெல்லிசை மன்னர் விசுவநாதன் இருவரின் பிறந்தநாளையும் வழக்கம்போல ஒரே கூட்டமாக நடத்தினோம். ஆகஸ்டில் வால்வு ரேடியோ பழுதுபார்க்கும் பயிற்சி நடந்தது. அக்டோபரில் கொலுப் பாட்டுக் கச்சேரி நடந்தது.

இனி, அறுபதுகளில் வானொலியில் வாராவாரம் வந்த பாட்டு வரிசையைப் பழைய நோட்டுகளிலிருந்து பிரதி எடுக்கும் 'அறுபதுகளின் வரிசை' என்ற திட்டத்துக்கு வருகிறேன். இது செயலாளரின் சொந்த ஆசை என்றும், சங்கப் பணம் இதில் கரைகிறது என்றும் சிலர் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

இளைய உறுப்பினர்கள் இருவருக்காக முன்கதை. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. கடலுக்கு அந்தப் பக்கம், உலகப் போரில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் விட்டுச் சென்ற வலுவான சிற்றலை ஒலிபரப்பியோடு இலங்கை வானொலி காத்திருந்தது. அதே 1952 டிசம்பர் 3 அன்று பினாகா கீத்மாலா என்ற இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. பம்பாயில் அறிவிப்பாளர் அமீன் சயானி பேசிப் பதிவு செய்த நாடா விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு நம் வீடுகளுக்குத் திரும்பி வந்தது. தூத்துக்குடிக்காரர்களான நமக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். வால்வு ரேடியோவின் பச்சை விளக்குக் கண் நன்றாக மூடும்வரை முள்ளைத் திருப்பிவைத்தால் பாட்டு பக்கத்து அறையில் பாடுவதுபோல் கேட்கும்.

முதலில் அது வெறும் போட்டிதான். ஏழு பாடல்களை ஒலிபரப்பி, அவற்றை வரிசைப்படுத்தச் சொல்லி, சரியாகச் சொன்னவர்களுக்கு நூறு ரூபாய் என்றார்கள். முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்ததாகவும், பிறகு அது வாரத்துக்கு 65,000 வரை ஏறியதாகவும் சயானி சொல்லியிருக்கிறார். கடிதங்களைப் பிரித்து மாளவில்லை. அதனால்தான் போட்டியைக் கைவிட்டு, பதினாறு பாடல்களைக் கீழிருந்து மேலே படிப்படியாக ஏற்றும் வரிசையைக் கொண்டுவந்தார்கள். (இத்திட்டத்துக்காக நான் 58 உறுப்பினர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கைக்கு நான்கு பதில்கள் வந்தன. அவற்றில் ஒன்று முகவரி மாற்றம்.)

அந்த வாராந்திர வரிசை எங்கேனும் முழுதாகக் கிடைக்குமா என்று தேடியபோதுதான் என் பள்ளிக்கூட நோட்டு நினைவுக்கு வந்தது. 1964 முதல் 1966 வரை வாராவாரம் எழுதிவைத்த நோட்டு. துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினரிடமும் அப்படி ஒன்று இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு, வாரவாரியாகப் பிரதி எடுப்பதே திட்டம். கேட்பதற்கு எளிது. எங்கள் இருவருக்கும் இந்தி தெரியாது. காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். 'பகாரோ பூல் பர்சாவோ' என் நோட்டில் 'பாரோ பூப்பஸ்ஸாவோ' என்று இருக்கிறது. 'தில்' என்று தொடங்கும் பாடல்கள் மட்டும் பதினொன்று. எந்தத் தில் எந்தப் படத்தின் தில் என்று பிரிக்கவே மூன்று மாதம் ஆனது. 1965இல் ஒரு வாரத்து ஏழாம் இடத்தைப் பற்றி எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் நோட்டில் அன்றைய பக்கம் பென்சிலில் இருக்கிறது, என்னுடையது மையில் இருக்கிறது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

'தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்திப் பாட்டுக்கு என்ன ஆராய்ச்சி' என்று ஜூலைக் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவருக்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம். அவர் காபி முடிந்ததும் போய்விட்டார். 1965 ஜனவரியில் எனக்குப் பதினாறு வயது. 26ஆம் தேதி முதல் இந்திதான் ஆட்சிமொழி என்றதும் ஊரோடு சேர்ந்து நானும் தெருவில் இறங்கிக் கத்தினேன். 27ஆம் தேதி புதன்கிழமை. என் நோட்டில் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. தேதி மட்டும் உண்டு. அடுத்த புதன்கிழமை பதினாறு பாடல்களும் உண்டு. தொண்டை இன்னும் கட்டியிருந்தது என்பது நினைவிருக்கிறது. இரண்டும் நான்தான். எதற்காகவும் மன்னிப்புக் கேட்க இடமில்லை.

அந்த வரிசையில் நம் ஊர்க்காரர்களின் கைவரிசை கொஞ்சமல்ல. 1961இல் ஆண்டின் முதலிடம் பெற்ற பாட்டு 'சசுரால்' படத்தினுடையது. தயாரித்தவர் சென்னையிலிருந்த எல்.வி. பிரசாத், இயக்கியவர் டி. பிரகாஷ் ராவ். அதே பிரகாஷ் ராவ் 1964இல் நமக்குப் 'படகோட்டி'யைக் கொடுத்துவிட்டு, 1966இல் 'சூரஜ்' எடுத்தார். நான் 'பூப்பஸ்ஸாவோ' என்று எழுதிய அந்தப் பாட்டுத்தான் அவ்வாண்டின் முதலிடம். 1967இன் முதலிடம் மீண்டும் பிரசாத்தின் படம், 'மிலன்'. தமிழில் அதே கதை பின்னர் 'பிராப்தம்' ஆனது. 1964இல் முதலிடம் பிடித்த 'சங்கம்' பாட்டுக்குத் திரையில் நின்றவர் திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜெயந்திமாலா. பத்து ஆண்டுகளில் நான்கு. ஜூலைக் கேள்விக்கு இது என் இரண்டாவது பதில்.

வரிசை நேர்மையாகத்தான் போடப்பட்டதா என்று கேட்கலாம். முதலில் இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கை வைத்துத்தான் போட்டார்கள். ஆனால் அமோகமாக ஓடும் பாட்டின் தட்டு கடையில் தீர்ந்துபோனால் அந்த வாரம் விற்பனை இல்லை. பாட்டு கீழே இறங்கும். இன்னொரு பக்கம் படக்காரர்களே ஆளனுப்பித் தட்டுகளை மொத்தமாக வாங்கவைத்தார்கள் என்ற புகாரும் எழுந்தது. இதற்காகத்தான் ஊர் ஊராக இருந்த நேயர் சங்கங்களின் கருத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். இந்த வாக்கியத்தை உறுப்பினர்கள் மறுபடி படிக்க வேண்டுகிறேன். நம்மைப் போன்ற சங்கங்கள் உட்கார்ந்து எழுதிய தபால் அட்டை ஒரு பாட்டைத் தூக்கி நிறுத்தியது. அன்று பீகாரில் இருந்த ஜும்ரி திலையா, அபிரகம் என்னும் மைக்கா எடுக்கும் ஊர்; நாடு முழுக்க அதன் பெயர் தெரிந்தது நேயர் விருப்பக் கடிதங்களால். அங்கே யாரும் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை.

டொராண்டோவில் இருக்கும் நம் உறுப்பினர் மகன் அந்த ஊர் 'சம்' (CHUM) வானொலியின் பழைய வரிசைச் சீட்டுகளின் நகல்களை அனுப்பிவைத்தார். 1957 மே முதல் 1986 வரை வாராவாரம் வரிசை போட்டார்களாம். அதைச் சீட்டாக அச்சிட்டு, இசைத்தட்டுக் கடைகளில் இலவசமாக வைத்தார்களாம். அமெரிக்காவிலும் ஊருக்கொரு நிலையம், நிலையத்துக்கொரு வரிசை. 'ஹாங்கி பாங்கி' என்ற பாட்டு 1964இல் பதிவாகி, உள்ளூர் வட்டாரத்தோடு நின்று மறக்கப்பட்டுக் கிடந்தது. பிட்ஸ்பர்க்கில் நடன நிகழ்ச்சிகள் நடத்திய ஒருவர் பழைய தட்டை எடுத்துப் போட, அந்த ஊரில் பற்றிக்கொண்டு, 1966இல் நாட்டின் முதலிடத்துக்கே போனது. சீட்டுகளைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நம் புதன்கிழமை வரிசை ஒரு துணைக்கண்டத்துக்கே ஒன்று. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் மயில்வாகனன் குரலுக்கு நாம் உயிரை விட்டோம். நேயர் விருப்பத்தில் நம் பெயர் வந்தால் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆனால் தூத்துக்குடியின் வரிசை என்று ஒரு தாள் எங்கே இருக்கிறது?

இருந்தது என்கிறார் மைக்செட் வைத்திருந்த நம் உறுப்பினர். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் ஊர் எதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னதோ, அந்தத் தட்டு ஊசி பட்டுப் பட்டுக் கருப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும். அவருடைய பெட்டியில் சாம்பல் தட்டுகளை மட்டும் தனியே எடுத்து அடுக்கினால் அதுதான் ஊர் வரிசை. இவ்வாண்டு இச்சங்கத்தில் பேசப்பட்ட சொற்களில் இதைவிட நல்லது எதையும் நான் கேட்கவில்லை. கூட்டத்தில் அன்று ஒன்பது பேர் இருந்தோம்.

டிசம்பர் 17, 18 மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எல்லார் வீட்டுக்குள்ளும் வந்தது. சங்க அறையில் இடுப்பளவு நீர் நின்றது. கீழ்த்தட்டில் இருந்த இசைத்தட்டு உறைகள் கூழாயின. தட்டுகளைக் கழுவி மொட்டைமாடியில் நிழலில் உலர்த்தினோம். உலர்த்த வந்தவர்கள் நால்வர். 27ஆம் தேதி நடப்பதாக இருந்த ஆண்டு இறுதி வரிசை நிகழ்ச்சி ரத்தானது. நோட்டுகள் தப்பின. அவற்றைச் 'சங்கச் சொத்து' என்று அலமாரியில் வைக்கச் சொல்லி நவம்பரில் தீர்மானம் போட்டதும், நான் அதை நிறைவேற்றத் தாமதித்ததும் குறிப்பேட்டில் உள்ளன. தாமதத்துக்காக அன்று என்னைக் கண்டித்தவர்கள் அந்தக் குறிப்பை நீக்குவது பற்றி யோசிக்கலாம்.

2024 பிப்ரவரி 20 அன்று அமீன் சயானி தம் 91ஆம் வயதில் காலமானார். 28ஆம் தேதி புதன்கிழமை இரவு எட்டு மணிக்கே அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். காவலாளியையும் சேர்த்து ஏழு பேர். அறையில் மின்சாரம் இன்னும் சரியாகாததால் பேட்டரி ரேடியோவில் ஒலிநாடாவை இணைத்து, 1966 ஆண்டு வரிசையின் பாடல்களைக் கேட்டோம். யாரும் பேசவில்லை. அஞ்சலித் தீர்மானம் எழுத மறந்துவிட்டது. அதை இப்போது நிறைவேற்றித் தருமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கு விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக: வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடி. இருப்பு, வெள்ளத்துக்குப் பிந்தைய சுண்ணாம்புச் செலவு போக, மிகச் சொற்பம். 'அறுபதுகளின் வரிசை' திட்டத்துக்கு நகல், தபால் என ஆனது சங்கத்தின் காபிச் செலவைவிடக் குறைவு என்பதைக் கேட்டவர்களுக்குக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

ஆண்டுச் சந்தா 300 ரூபாய். கட்டியவர்கள் 23 பேர். ரேடியோப் பெட்டி வைத்திருப்பதற்கே தபால் நிலையத்தில் வருடாவருடம் வரிசையில் நின்று லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிய தலைமுறை நாம். மூன்று ஆண்டுகளாக நிலுவை வைத்திருக்கும் பதினான்கு பேரின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வாசிப்பதாக இல்லை. அவர்களில் ஐவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் அவசியமும் இல்லை.

அறையை வாடகையில்லாமல் தரும் உரிமையாளருக்கும், சுண்டல் ஏற்பாடு செய்த துணைத் தலைவர் இல்லத்தாருக்கும், நாற்காலி தந்த பக்கத்து மன்றத்தாருக்கும், தட்டு உலர்த்திய நால்வருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் 1966 முதல் 1969 வரையிலான வாரங்களைச் சேர்க்கவேண்டும். என் நோட்டு 1966இல் கல்லூரிக்குப் போனதோடு நின்றுவிடுகிறது. யார் வீட்டுப் பரணிலாவது அந்த ஆண்டுகளின் நோட்டு இருந்தால், அது எந்த மொழியில் எப்படி எழுதியிருந்தாலும் படித்துக்கொள்வேன். மைக்செட்காரரின் சாம்பல் தட்டுகளை வைத்து, தூத்துக்குடிக்கென்று அறுபதுகளின் தமிழ்ப் பாட்டு வரிசை ஒன்றையும் போட எண்ணம். ஒரே தேய்மானத்தில் இருக்கும் தட்டுகளுக்கு இடையே உறுப்பினர் வாக்கெடுப்பு நடக்கும். சங்க விதி 7இன்படி சந்தா நிலுவை இல்லாதவர்களுக்கே வாக்குரிமை. இப்போதைய நிலவரப்படி 23 பேர் ஊரின் ரசனையைத் தீர்மானிப்பார்கள். அந்த 23 பேரில் எட்டுப் பேர் ஏ.எம். ராஜா ரசிகர்கள் என்பதை டி.எம்.எஸ். ரசிகர்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ரசீதுப் புத்தகம் வாயிலருகே பொருளாளரிடம் இருக்கிறது. சில்லறை அவரிடம் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்