நம் பள்ளியின் புத்தக அறைக்கு உங்கள் பங்கைத் தாருங்கள்

நம் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்த எல்லோருக்கும், வேதாரண்யம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வெளியூர், வெளிநாடு போயிருக்கும் நம் சொந்தங்களுக்கும் முன்னாள் மாணவர் குழுவின் வணக்கம்.

2018 கஜா புயலில் கூரை போன பழைய ஓட்டுக் கட்டடத்தைச் சரிசெய்து, அதில் பிள்ளைகளுக்கு ஒரு புத்தக அறை திறக்கப் போகிறோம். மொத்தச் செலவு 4,07,000 ரூபாய். இதுவரை 96,500 ரூபாய் சேர்ந்திருக்கிறது. மீதிக்கு உங்களை நாடி வருகிறோம். இந்த எண்ணம் எப்படி வந்தது, பணம் எதெதற்குப் போகும், யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

கஜா அடித்தபோது இந்தப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் இருந்தவர்கள் நாங்கள். இப்போது ஒருவர் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். இருவர் சிதம்பரத்தில் வேளாண்மை, ஒருத்தி அரசு மருத்துவக் கல்லூரியில், மற்றவர்கள் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் கலைக் கல்லூரிகளில். எட்டாம் வகுப்போடு இங்கிருந்து போய்விட்ட நாங்கள் பல வருஷம் கழித்துப் பள்ளி வாசலை மறுபடி மிதித்ததற்குக் காரணம் ஒரு சான்றிதழ். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம் முதலான படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேர ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அதே நிபந்தனைதான். மேல்நிலைப் பள்ளிச் சான்றை அங்கே வாங்கிவிட்டோம். ஆறு, ஏழு, எட்டுக்கு இங்கேதான் வர வேண்டும்.

இப்போதைய தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து விரித்தார். தாள் ஓரமெல்லாம் சுருங்கி, தேநீர் கொட்டினாற்போல் கறை. ஆனாலும் எங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி எல்லாம் தெளிவாகப் படிக்க முடிந்தது. “இது புயலில் நனைந்தது. அப்போ இருந்த பெரிய டீச்சர்தான் காப்பாற்றி வைத்தார்களாம்” என்றார். அந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதிய சான்றிதழோடுதான் நாங்கள் கலந்தாய்வுக்குப் போனோம்.

அப்புறம் ஒரு விடுமுறையில் எல்லோரும் ஊரில் இருந்தபோது பெரிய டீச்சரைத் தேடிப் போனோம். ஓய்வு பெற்று, திருத்துறைப்பூண்டியில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். எங்களை யார் யாரென்று சொல்லவே தேவைப்படவில்லை. ஒவ்வொருவரையும் வீட்டை வைத்தே கண்டுபிடித்தார்கள்: “நீ உப்பளத்துக்காரர் பேரன்தானே, ஒன் அக்காவும் எங்கிட்டதான் படிச்சா.”

பதிவேட்டைப் பற்றிக் கேட்டோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரையைக் கடந்தது. அன்றைக்கு அவர்களால் வீட்டை விட்டே கிளம்ப முடியவில்லை. மறுநாள் விழுந்துகிடந்த மரங்களையும் மின்கம்பங்களையும் தாண்டித் தாண்டி நடந்தே பள்ளிக்கு வந்திருக்கிறார்கள். அலுவலக அறையில் ஓடு ஒன்றுகூட இல்லை. உள்ளே கணுக்கால் தண்ணீர். பதிவேடுகளை வெளியே எடுத்து, கவிழ்ந்துகிடந்த பெஞ்சுகளை நிமிர்த்திப் போட்டு, அவற்றின் மேல் விரித்து, பக்கத்துக்குப் பக்கம் பழைய விடைத்தாளைக் கிழித்துச் செருகி உலர்த்தினார்கள். வெயில் வந்தால் வெளியே, தூறல் விழுந்தால் சமையல் கூடத்துக்குள். மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை. டீச்சர் வீட்டுத் தென்னந்தோப்பும் அதே புயலில் சாய்ந்து கிடந்தது என்பதை அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் மகன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார்கள். “புத்தகம் இருந்த ரெண்டு டிரங்குப் பெட்டியையும் தெறந்து பாத்தேன்டா. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய்க் கெடந்துச்சு. ரெண்டையும் பாக்க நேரமில்ல, ஆளுமில்ல. பதிவேட்டத்தான் எடுத்தேன். ஒங்க பேரெல்லாம் அதுலதானே இருந்துச்சு.”

அந்த டிரங்குப் பெட்டிகளை நம் பள்ளியில் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு அவை திறக்கும். ஆளுக்கொரு புத்தகம், திங்கள்கிழமை திருப்பித் தர வேண்டும். சிலவற்றுக்கு அட்டை இருக்காது, சிலவற்றுக்கு முதல் பக்கமே இருக்காது. கதை எப்படித் தொடங்கியிருக்கும் என்று நாங்களே சொல்லிப் பார்த்துக்கொள்வோம். எங்களில் ஒருத்தி டாக்டராக வேண்டும் என்று முதன்முதலில் நினைத்தது அந்தப் பெட்டியிலிருந்த உடல் உறுப்புகள் பற்றிய ஒரு படப் புத்தகத்தைப் பார்த்துத்தான்.

பெரிய டீச்சரோடு நிறுத்தவில்லை. தமிழ் ஐயாவையும், கணக்கு சாரையும், ஒன்றாம் வகுப்பு டீச்சரையும் தேடிப் போனோம். தமிழ் ஐயாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து பார்வை இன்னும் முழுசாகத் தெளியவில்லை. அன்றைய செய்தித்தாளை எங்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தோம். நடுவே இரண்டு இடத்தில் நிறுத்தி உச்சரிப்பைத் திருத்தினார். கணக்கு சார் மாற்றலாகி வேறு ஒன்றியத்தில் வேலை பார்க்கிறார். கஜாவுக்குப் பிறகு வகுப்பறை இல்லாமல் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்திருந்த எங்களுக்கு, விழுந்த தென்னைகளை எண்ணியே சதவீதக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒன்றாம் வகுப்பு டீச்சர் எங்களைப் பார்த்ததும் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டார்கள். அன்றைக்கும் அதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஆசிரியர்களைப் போய்ப் பாருங்கள். வேலை கிடைத்த பிறகு, ஒரு நிலைக்கு வந்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். ஒன்றும் வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, படித்துக்கொண்டிருக்கும்போதே போங்கள். என்ன படிக்கிறோம் என்று அவர்களிடம் சொல்வதில் இருக்கும் சந்தோஷம் வேறு. நாங்கள் போகும் முன்பே காலமாகிவிட்ட ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

நாங்கள் முதலில் ஓர் ஆசிரியர் பாராட்டு விழா நடத்தலாம் என்றுதான் பேசினோம். பந்தல், பொன்னாடை, நினைவுப் பரிசு. தமிழ் ஐயா வேண்டாம் என்றார். “பொன்னாடை வீட்ல நெறைய இருக்குப்பா. செய்யறதுன்னா அந்தப் பழைய கட்டடத்துல புள்ளைங்க ஒக்காந்து படிக்க ஒரு எடம் பண்ணிக் குடுங்க.” பெரிய டீச்சரும் கணக்கு சாரும் தனித்தனியாகச் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான்.

அரசுப் பள்ளிக்கு அரசுதானே செய்ய வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வகுப்பறையும் ஆசிரியர் பணியிடமும் கழிப்பறையும் அரசின் கடமை. அவற்றை இனியும் கேட்டுக்கொண்டுதான் இருப்போம். புயலுக்குப் பிறகு புது வகுப்பறைகள் வந்தன. ஆனால் பழைய கட்டடம் எந்த மதிப்பீட்டிலும் சேராமல் அப்படியே நிற்கிறது. ஊரார் பள்ளிக்குக் கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல. காமராசர் ஆட்சியில், பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958இலிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியபோது, ஊர் ஊராக மக்கள் நிலமும் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கொடுத்தார்கள். அதற்கு முன் 1956இல் மதிய உணவுத் திட்டமும் ஊரார் போட்ட அரிசி பருப்பை நம்பித்தான் தொடங்கியது. நம் பள்ளியில் உள்ள மர பீரோவின் கதவில் ‘அன்பளிப்பு’ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கொடுத்தவர் பெயர் அழிந்துவிட்டது, பீரோ இன்னும் உழைக்கிறது.

இன்றைய பிள்ளைகளின் நிலையையும் சொல்ல வேண்டும். அப்பா அம்மா உப்பளத்துக்கோ முல்லைப்பூ பறிக்கவோ இருட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து கிராமப் பள்ளிகளிலும் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு வந்துவிட்டதால் அந்தப் பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்து, மணி அடிக்கும் வரை நல்ல நேரம் இருக்கிறது. சாயங்காலமும் அப்படித்தான், பெரியவர்கள் வீடு திரும்பும்வரை பிள்ளைகள் தெருவில். பள்ளிக்குக் கல்வித்துறை அனுப்பும் சிறுவர் இதழ்கள் வருகின்றன. வந்த அன்றே கைமாறிக் கைமாறி நைந்துபோகின்றன. படிக்க ஆசை இல்லாத பிள்ளைகள் அல்ல அவர்கள். வீட்டில் பாடநூல் தவிர வேறு புத்தகம் இல்லாத பிள்ளைகள்.

சரி, கணக்குக்கு வருவோம். கட்டடத்தை ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்தார். சுவர் உறுதியாக இருக்கிறது, கூரையை மட்டும் முழுதாக மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய கைமரங்களில் பாதி தேறும். புது ரீப்பர், சீமை ஓடு, பூச்சு, தரை, கூலி எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய். கதவுக்கும் ஜன்னல்களுக்கும் 35,000. புத்தகம் அடுக்க இரும்பு பீரோ வாங்கப் போவதில்லை. நம் ஊர் உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், மரம் என்றால் கரையான். அதனால் சுவரை ஒட்டிக் கடப்பாக்கல் தட்டுகள், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மேல்தான் தொடங்கும். மறுபடி தண்ணீர் ஏறினாலும் புத்தகம் நனையக் கூடாது. அதற்கு 45,000. விளக்கு, மின்விசிறி, வயரிங் 20,000. பாய், குட்டை மேசைகள் 15,000. புத்தகங்களுக்கு 60,000.

மீதி 72,000 ரூபாய்தான் எங்களைப் பொறுத்தவரை இதில் முக்கியமானது. பூட்டிக் கிடக்கும் நூலகங்களை நிறையப் பார்த்துவிட்டோம். திறந்துவைக்க ஆள் இருந்தால்தான் அறை உயிரோடு இருக்கும். நம் ஊரிலேயே படித்த ஒரு பெண்ணைக் காலையும் மாலையும் பொறுப்பாக அமர்த்தி, மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்குக் கொடுக்க இந்தத் தொகை. சனிக்கிழமையும் திறந்திருக்கும். அதற்குப் பிறகான சம்பளத்தை, அதற்குள் வேலைக்குப் போயிருக்கும் நாங்கள் எங்கள் சம்பளத்திலிருந்து தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இந்த வேலை பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடும் வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதியோடும் நடக்கிறது. 2024 மறுகட்டமைப்பிலிருந்து அந்தக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருப்பதால் எங்களில் ஒருவர் அதில் உறுப்பினர். பணம் கூட்டுக் கணக்கில் இருக்கிறது. மேலாண்மைக் குழுத் தலைவியான அம்மாவும், தலைமையாசிரியரும், எங்களில் ஒருவரும் கணக்குதாரர்கள். இருவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஒவ்வொரு மாத முடிவிலும் வரவு செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம், ரசீதுகளை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் குழு பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல. ஆகவே வருமான வரிச் சலுகைக்கான ரசீது எங்களால் தர முடியாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம் என்று 100 ரூபாய் கொடுத்தாலும் எங்களுக்கு நிறைவுதான். ஒரு மாதச் சம்பளம் 3,000 என்று ஏற்பவர்கள் பெயரை அந்த மாதத்துக்கு எழுதிவைப்போம். தங்கள் ஆசிரியர் பெயரில் கொடுக்க விரும்பினால் வாங்கும் புத்தகங்களில் அவர் பெயரை எழுதுவோம். கொடுப்பவர் பெயரைச் சுவரில் கல்வெட்டாகப் பதிக்கும் எண்ணம் இல்லை, அந்தச் செலவுக்கு இன்னும் பல புத்தகம் வாங்கலாம். பணமாகத் தர இயலாதவர்கள் உழைப்பாகத் தரலாம். கொத்தனார் வேலை, வயரிங், பெயின்ட் தெரிந்த நம் ஊர் அண்ணன்மார்கள் ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி மிச்சம். பழைய புத்தகம் தருபவர்கள், பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளை தானாகப் படிக்கக்கூடியதா என்று பார்த்துத் தாருங்கள். போட்டித் தேர்வுக் கையேடுகளும் பழைய பாடநூல்களும் இப்போதைக்கு வேண்டாம்.

மார்ச் 31க்குள் பணம் வந்துவிட்டால், முழு ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் கூரையைப் பிரித்து, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடித்துவிடலாம். தள்ளிப்போனால் ஐப்பசி மழை வந்துவிடும், கூரை வேலை அடுத்த கோடைக்குத்தான். கணக்கு எண்ணைப் பொதுவெளியில் போடவில்லை. தலைமையாசிரியர் அறையிலும் நம் பள்ளியின் வாட்ஸாப் குழுவிலும் இருக்கிறது. நேரில் தருபவர்கள் கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அறையைத் திறந்துவைக்க பெரிய டீச்சர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பள்ளியில் வேலை பார்த்த எல்லா ஆசிரியர்களையும் அழைக்கிறோம். 1990க்கு முன் இங்கே இருந்தவர்களின் முகவரி எங்களிடம் இல்லை. அவர்களிடம் படித்த அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தால், பணம் அனுப்பும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள்.