முதல்முறை பனியில் இறங்கப் போகும் எங்கள் பெண்களுக்குக் கை கொடுங்கள்

நண்பர்களே, வணக்கம்.

சென்னையில் ஹாக்கி என்றால் எல்லாருக்கும் எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானம்தான் நினைவுக்கு வரும். நாங்கள் கேட்பது ஐஸ் ஹாக்கிக்கு. எங்கள் பல்கலைக்கழக மகளிர் கிளப் அணியில் 14 பேர். எல்லாரும் சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கிற இன்லைன் ஸ்கேட்டில், சிமெண்ட் தளத்தில் ஆடிப் பழகியவர்கள். வெயில் ஏறினால் தளம் கொதிக்கும் என்பதால் விடிகாலையிலேயே ஆடிவிட்டு வகுப்புக்கு ஓடுகிறார்கள், ஐப்பசி கார்த்திகையில் மழை விட்டதும் பழைய துண்டுகளைப் போட்டுத் தளத்தைத் துடைத்துக் காயவைத்து ஆடுகிறார்கள். ஆனால் ஒருத்திகூட இன்னும் பனியில் கால் வைத்ததில்லை.

இதெல்லாம் நம்ம ஊருக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணி 2016இல்தான் முதல்முறையாக சர்வதேசப் போட்டியில் இறங்கியது, 2025இல் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிவிட்டது. அவர்களில் பெரும்பாலானோர் லடாக் பெண்கள், குளிர்காலத்தில் உறைகிற குளங்களில் ஆடி வளர்ந்தவர்கள். இங்கே குளம் உறையாது, சரி. ஆனாலும் வேகம், பாஸ், ஸ்டிக்கைக் கையாளுகிற லாவகம் எல்லாம் எங்கள் பெண்களிடம் இருக்கிறது. வராதது நிற்பதுதான். பனியில் ஸ்கேட்டின் பிளேடைக் குறுக்கே திருப்பி அழுத்தினால் பனியைச் சீவிக்கொண்டு சட்டென்று நிற்கும், சக்கரத்தில் அந்தப் பழக்கம் வரவே வராது.

2011இல் கட்டி, பல வருடம் மூடிக்கிடந்த டேராடூன் ஹிமாத்ரி பனித்தளம் 2025இல் மறுபடி திறந்துவிட்டது. கோடை விடுமுறையில் அங்கே ஒரு வாரம் பயிற்சி எடுக்க நினைக்கிறோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி, அப்புறம் இன்னொரு ரயில், எல்லாம் ஸ்லீப்பர்தான்.

எங்களுக்கு இருக்கிற பெரிய கவலை கோல்கீப்பரைப் பற்றி. இப்போது அவள் கட்டுவது கிரிக்கெட் பேடு. அதன் மேல் ஃபோம் வைத்து, செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியது. வார் அறுந்த இடத்தில் நாடா போட்டுக் கட்டியிருக்கிறாள். சிமெண்டில் லேசான பக்கை (பந்துக்குப் பதிலாக அடிக்கிற தட்டையான வட்டு) வைத்து ஆடும்போது அது போதும். ஐஸ் ஹாக்கியில் பக் கிட்டத்தட்ட 170 கிராம் கெட்டி ரப்பர், ஆட்டத்துக்கு முன் அதை உறையவேறு வைப்பார்கள். முழங்காலின் உட்பக்கம், தொண்டை, நெஞ்சு எதையும் மூடாமல் அவளை அதன் முன்னால் நிறுத்த எங்களுக்கு மனசில்லை.

பயணம், தங்குமிடம், தள வாடகை, கோல்கீப்பர் கிட், ஆளுக்கொரு ஐஸ் ஸ்கேட், முகத்தை முழுக்க மூடும் கம்பி வைத்த ஹெல்மெட், எல்லாம் சேர்த்து 6,50,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். 500 ரூபாய் என்றாலும் கொடுங்கள், ரசீது உண்டு. நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கிற 80ஜி வரிவிலக்கு எங்களிடம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணம் குறைவாகச் சேர்ந்தால் முகாம் நாட்களைக் குறைப்போம், பாதுகாப்புச் சாமான்களில் கை வைக்க மாட்டோம்.

டொரோண்டோ, ஸ்கார்பரோ பக்கம் அண்ணன், சித்தி, மாமா என்று யாராவது இருந்தால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அங்கே பிள்ளைகள் வளர வளர ஸ்கேட்டும் ஷின் கார்டும் தோள் பேடும் சின்னதாகிப்போய் வீட்டில் சும்மா கிடக்கும். ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு ஜோடி போட்டுக்கொண்டு வந்தாலே போதும். ஹெல்மெட் மட்டும் பழையது வேண்டாம்.

வங்கிக் கணக்கு விவரம் குழுவில் யாரிடம் கேட்டாலும் தருவார்கள். கொடுக்கும் முன் ஆட்டத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாருங்கள், ஏழரைக்குள் முடித்துவிடுவோம்.