பள்ளியை மூடும் உத்தரவில் இன்னும் ஒரு வரி வேண்டும்

வில்லியனூர், புதுச்சேரி
24-3-2023

பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கும் பொறுப்பில் உள்ள ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். காய்ச்சல் பரவுவதால் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 16ஆம் தேதி முதல் 26ஆம் தேதி வரை விடுமுறை விட்டிருக்கிறீர்கள். அது தவறு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் தெருவிலும் பிள்ளைகள் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். பள்ளியை மூடும் அதே உத்தரவில், வீட்டில் பெரியவர்கள் இல்லாத பிள்ளை பகலில் எங்கே இருக்கும், மதியம் என்ன சாப்பிடும் என்பதையும் எழுதுங்கள்.

என் கணவர் கொத்தனார். நான் சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். பெரியவள் ஒன்பதாவது, பையன் நாலாவது, கடைக்குட்டி ஒன்றாவது படிக்கிறார்கள். புதன்கிழமை அறிவித்தீர்கள், வியாழக்கிழமையே பள்ளி இல்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் லீவு போட்டேன். அந்த இரண்டு நாள் சம்பளமும் போயிற்று, மாதம் முழுக்க வந்தால் கிடைக்கும் போனஸும் போயிற்று. திங்கட்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

பாட்டி வீட்டில் விடலாமே என்று பலரும் சொன்னார்கள். என் மாமியார் பாகூரில் இருக்கிறார். எழுபது வயது, சர்க்கரை வேறு. இந்தக் காய்ச்சல் சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும்தான் அதிகம் படுத்தும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பள்ளியில் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையை, அந்த வயதானவர் பக்கத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் பயப்படுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு விடுமுறை இல்லை. பெரியவள் சீருடை போட்டு, இரட்டைச் சடை பின்னி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் சோறு வடித்து, சாம்பாரை மூடிவைத்துவிட்டு, கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி அலமாரி மேலே வைத்தேன். என்னைப் பார்த்தாள், பாயில் படுத்திருந்த இரண்டு பேரையும் பார்த்தாள். பையை ஆணியில் மாட்டிவிட்டு, ரிப்பனை அவிழ்க்கத் தொடங்கினாள். "நீ போம்மா, பஸ்ஸு வந்துடும்" என்றாள். அன்றிலிருந்து இன்று வரை, இந்த வாரம் முழுக்க அவள் பள்ளிக்குப் போகவில்லை. முழு ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது. கணக்குப் பாடத்தைத் தோழியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, என் போனில் ராத்திரி பத்து மணிக்கு எழுதுகிறாள். பகலில் போன் என்னோடு கம்பெனிக்கு வந்துவிடுகிறதே.

எட்டாம் வகுப்பு வரைதான் விடுமுறை என்று உத்தரவில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது ஒன்பதாம் வகுப்பையும் சேர்த்து மூடிவிட்டது. தம்பி தங்கை உள்ள எத்தனை வீட்டில் பெரிய பெண் இப்படி நின்றுவிட்டாள் என்று, தயவுசெய்து இந்த வார வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது சாப்பாடு. பள்ளி இருந்தால் காலையில் பால், மதியம் சூடான சோறு. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் தினமும் இலவச மதிய உணவு தரச் சொல்கிறது, "பள்ளி விடுமுறை நாட்கள் தவிர". அந்த நாலு சொல்லில் எங்கள் பிள்ளைகளின் தட்டு காலியாகிறது. கோடை விடுமுறை என்றால் முன்கூட்டியே தெரியும், ஏதாவது ஏற்பாடு செய்வோம். ராத்திரியோடு ராத்திரியாக வரும் விடுமுறைக்கு என்ன செய்வது? 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, பிள்ளைகளின் மதிய உணவு நிற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அப்போது கேரளாவில் வீட்டுக்கே உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இந்த ஊரில் ரேஷன் கடையும் மூடித்தான் கிடக்கிறது. அரிசிக்குப் பதில் வங்கியில் போடும் பணம் எந்த மாதம் வரும் என்று எதிர்பார்த்து உலை வைக்க முடியாது.

இது முதல் தடவையும் இல்லை. போன செப்டம்பரில் 17ஆம் தேதி முதல் 25ஆம் தேதி வரை இதே காய்ச்சலுக்கு இதே வகுப்புகளை மூடினீர்கள். ஆறே மாதத்தில் மறுபடி. மழைக்காலத்திலும் இதே கதைதான். நான் பஸ் ஏறிய பிறகு "இன்று விடுமுறை" என்று பள்ளி வாட்ஸப்பில் வருகிறது. ஒவ்வொரு தடவையும் வீட்டில் யாராவது ஒரு பெண் சும்மா இருப்பாள், பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தே எல்லாம் நடக்கிறது. எங்கள் வரிசை வீடுகளில் பகல் பத்து மணிக்கு வந்து பாருங்கள், எத்தனை கதவில் பூட்டு தொங்குகிறது என்று தெரியும்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். கேட்க வந்ததை மறுபடி பணிவோடு கேட்கிறேன். பள்ளியை மூடும்போது, வேலைக்குப் போகும் தாய் தகப்பனின் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பள்ளியிலும் ஜன்னல் திறந்த ஓர் அறையை மட்டும் திறந்து வையுங்கள். காய்ச்சல் உள்ள பிள்ளை வர வேண்டாம். நாற்பது பேர் நெருக்கி உட்காரும் வகுப்பில் எட்டுப் பத்துப் பேர் தள்ளித்தள்ளி உட்காரட்டும். முறைவைத்து ஓர் ஆசிரியர், ஓர் ஆயாம்மா போதும். மதியச் சோறு அங்கே வரட்டும். வர முடியாத பிள்ளைக்கு அரிசி பருப்பாகவாவது கொடுங்கள். இதை அறிவிப்பு வரும் அன்றே அந்த உத்தரவில் எழுதுங்கள்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நின்ற பெண்களுக்கு இந்த ஐந்து நாளை ஆப்சென்ட் போட வேண்டாம் என்றும், விட்டுப்போன பாடத்தைத் தேர்வுக்கு முன் ஒருமுறை நடத்தித் தர வேண்டும் என்றும் தலைமை ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளின் தாய்